எண்ணெய்க் கல்லில் ஒரு முகம்

மேற்குமலை முகடுகளில் முகில் குவிய, குற்றாலத்துப் பேரருவி வெண்புகை எழுப்பி வீழ, மலைச்சாரல் தென்காசியின் மொட்டைக் கோபுரத்தையும் கடைத்தெருவையும் ஒருங்கே நனைத்துக்கொண்டிருந்த, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தாறாம் ஆண்டின் ஆனி மாதக் காலை அது. நிழற்படக் கலைஞர் வல்லிநாயகத்தின் கடைக்குள் ஈரத் தலையோடு வந்து நின்ற தங்கபுஷ்பம், சுரண்டையிலிருந்து சுமந்து வந்த கல்லைத் துணி பிரித்துக் காட்டினாள். சென்ற ஆண்டு அவர் அக்கல்லில் பதித்துக் கொடுத்த அவள் மகன் ஞானதுரையின் முகம், வெங்காயத் தோல்போல் ஏடேடாய்க் கழன்று, ஒற்றைக் காது மட்டுமே எஞ்சியிருந்தது.

காய்ச்சலில் மாண்ட அச்சிறுவனுக்கு இருந்தது, இக்கடையில் முன்பு எடுத்த ஒரே படம். அதுவும் பூஞ்சை பூத்துக் கெட்டதென்று அவள் அழுதபோது, "தாளுதான கெடும்? கல்லுல பதிச்சுத் தாரேன் தங்கச்சி" என்று வாக்களித்தவர் அவரே. கல்மேல் ஒளியுணர் கூழைப் பூசி, இருட்டறையில், படம் பிடித்த கண்ணாடித் தகட்டின் வழியே ஒளி பாய்ச்சி முகத்தை வரவழைக்கும் கலையைத் தாம் ஒருவரே அறிவோம் என்னும் செருக்கு அவருக்கு உண்டு. அருவிக்கரையில் நீராடுவோர் எண்ணெய்க் கிண்ணம் வைத்து வைத்து வழவழத்த கல்லை, அதன் அழகுக்காகவே எடுத்து வந்தார். எண்ணெய் ஊறிய கல்லில் கூழ் நிலைக்காது, காரநீரில் கொதிக்க வைத்தே ஆகவேண்டும் என்பதை நன்கறிந்தும், வாயிலில் கூட்டம் நெருக்கியதால் துணியால் துடைத்ததோடு விட்டுவிட்டார். கல்லில் ஏறியது இனி அழியாதென்று துணிந்து, படத்தின் மூலமாகிய அக்கண்ணாடித் தகட்டையும், அக்காலக் கடைகளின் வழக்கப்படி, வெந்நீரில் உருவம் போகக் கழுவி, சுவரில் தொங்கிய தம் உருவப்படத்துக்கு முகப்புக் கண்ணாடியாக மாட்டிக்கொண்டார்.

"எம்மேலதான் தப்பு அண்ணாச்சி," என்றாள் தங்கபுஷ்பம். "தெனமும் அவன் கன்னத்தத் தடவித் தடவி நாந்தான் அழிச்சுப்புட்டேன். கண்ணாடி உங்ககிட்ட இருக்குல்லா? இன்னொரு தடவ பதிச்சுத் தாங்க. இனிமே தொடவே மாட்டேன்."

உண்மை அவர் தொண்டைவரை வந்தது. வந்தும், வாய் வேறொன்றைச் சொல்லியது.

"அந்தக் கண்ணாடி ஒடஞ்சு போச்சு தங்கச்சி. நீ தொடாம இருந்திருக்கலாம்."

அவள் சுவரை அண்ணாந்து நோக்கினாள். அங்கே, அவள் மகன் முகத்தைத் தாங்கியிருந்த அதே கண்ணாடியின் பின்னே, படத்து வல்லிநாயகம் சிரித்துக்கொண்டிருந்தார். "மன்னிச்சுக்கோங்க அண்ணாச்சி" என்றாள். தாம் கேட்டிருக்க வேண்டிய மன்னிப்பை அவளைக் கேட்க வைத்தோமே என்று அவர் நெஞ்சு தீயாய்ச் சுட்டது.

எஞ்சிய அந்தக் காதில் விரல் பட்டுவிடாதபடி ஓரங்களை மட்டும் பற்றி, அவள் கல்லைத் துணியில் பொதிந்துகொண்டு சாரலில் இறங்கினாள். தாயொருத்தியைத் தன் பிள்ளையைத் தொடவும் அஞ்சச் செய்த அப்பழியை, எத்துணை ஆண்டு வீழ்ந்தாலும் அந்த அருவி கழுவப் போவதில்லை.