தக்கைக்குள் ஒரு மெழுகு உருண்டை

நீச்சல் வாத்தியாருக்கு நுரையீரலில் கோலிக்குண்டு அளவுக்கு ஒரு கட்டி. அறுவை சிகிச்சையை உடம்பு தாங்காது, கதிர்வீச்சுதான் வழி என்று முடிவாகியிருந்தது.

திரையில் சிகிச்சைத் திட்டத்தைப் பார்த்த டாக்டருக்கு மனசு குளிர்ந்தது. முழு அளவு கதிர் எதுவரை சேரும் என்று காட்டும் சிவப்புக் கோடு, கட்டியைச் சுற்றிக் கச்சிதமாக விழுந்திருந்தது. கையெழுத்துப் போடப் போனவரை, கதிர் அளவைக் கணக்கிடும் இயற்பியலாளர் தடுத்தார். ஆஸ்பத்திரியில் அந்த அம்மாளுக்குப் ‘பிடிவாதம்’ என்று பட்டப்பெயர்.

“இருங்க சார். இந்தக் கணக்கு நுரையீரலையும் சதை மாதிரியே பாக்குது. அங்க பெரும்பாலும் காத்துதானே? கதிர் கிளப்பிவிடுற எலக்ட்ரான் பக்கவாட்டுல சிதறி ஓடிடும். கட்டியோட ஓரத்துக்கு வேண்டிய அளவு சேராது.”

“மத்த இடத்துக்கெல்லாம் சரியாத்தானேம்மா வந்துச்சு?”

“மத்த இடத்துல இவ்வளவு காத்து இல்லையே சார்.”

டாக்டருக்குச் சுருக்கென்றது. நோயாளி வெளியே காத்திருக்கிறார். பிடிவாதமோ அசையவில்லை. கதிர் போகும் பாதையைத் துகள் துகளாகப் பின்தொடரும் இன்னொரு கணக்கைக் கணினியில் ஓடவிட்டார். அது ஆமைபோல நகர்ந்து முடிந்தபோது, சிவப்புக் கோடு கட்டியின் ஓரத்தைக் கைவிட்டு உள்ளே சுருங்கியிருந்தது.

“இப்ப எதைம்மா நம்புறது?”

“ரெண்டையும் நம்ப வேணாம். அளந்தே பாத்துடுவோம்.”

டாக்டர் வெளியே போய் விஷயத்தைச் சொன்னார். நீச்சல் வாத்தியார் சிரித்தார். “மூச்சைப் பிடிச்சுக்கிட்டு இருக்கிறதுதானே டாக்டர் நம்ம தொழிலே? நிதானமாப் பண்ணுங்க.”

நுரையீரலைப் போலவே லேசான தக்கைப் பலகைகளைப் பிடிவாதம் அடுக்கினார். நடுவே குடைந்து, கட்டிக்குப் பதிலாக ஒரு மெழுகு உருண்டையை வைத்தார். உருண்டையையும் பலகைகளையும் பாதியாக அறுத்து, இடையில் கதிர் பட்டால் கறுக்கும் ஃபிலிமைச் செருகினார். டாக்டரும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு பலகை பிடித்தார். பழைய திட்டப்படியே கதிரைப் பாய்ச்சி எடுத்துப் பார்த்தால், ஃபிலிமில் உருண்டையின் ஓரம் வெளிறிக் கிடந்தது. மெதுவான கணக்கு சொன்னது அப்படியே பலித்திருந்தது.

“உங்க பிடிவாதத்துக்கு ஒரு கும்பிடு” என்றார் டாக்டர், வாய்விட்டே.

திட்டத்தைப் புதிதாகப் போட்டார்கள். ஓரத்துக்கும் முழு அளவு சேர்ந்தது. பக்கத்திலிருந்த இதயத்தின்மேல் விழும் கதிரும் வரம்பு மீறவில்லை. சிகிச்சை முடிந்து சில மாதம் கழித்து எடுத்த ஸ்கேனில், கட்டி இருந்த இடத்தில் மெல்லிய தழும்புதான் இருந்தது.

நன்றி சொல்ல வந்த நீச்சல் வாத்தியாரை டாக்டர் நேரே கணக்கு அறைக்குக் கூட்டிப்போனார். பிடிவாதம் எழுந்து நின்று, “இருமல் ஏதும் இருக்கா?” என்று கவலையாகக் கேட்டார். இப்படியொருத்தரோடு சேர்ந்து வேலை பார்க்கிறோமே என்று கதவோரம் நின்ற டாக்டருக்குப் பெருமை பிடிபடவில்லை.