புனிதமாக்கப்பட்டவள்

கார்மெண்ட்ஸ் கம்பெனியில் இஸ்திரி போடும் பெண்ணை முதலாளி மைக்கைப் பிடித்து ‘புனிதமானவர்’ என்று அறிவித்த மதியத்திலிருந்து யார் கையும் அவள்மேல் படவில்லை. ஒரு விரற்கடை தள்ளியே நின்றுவிடும். தூசியும் அப்படித்தான், மழையும் அப்படித்தான்.

அதற்கு முந்தைய வாரம் கம்பெனி எரிந்தது. ஜன்னல் கம்பியைப் பெயர்த்து அவள் பலரை வெளியே இழுத்துப் போட்டாள். தங்கை இருந்த அறைக்குக் கதவு ஒன்றுதான் வழி. அது வெளிப்பக்கம் பூட்டியிருந்தது; தங்கை உள்ளேயே செத்துப்போனாள். அதை அவள் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்ததால்தான் முதலாளி அவசரமாகக் கூட்டம் போட்டார். அவர் போட்ட மாலை கழுத்தில் படாமல் மிதந்தது. எல்லோரும் கைதட்டினார்கள்.

விசாரணை அதிகாரி வந்தார். “கதவ வெளிய பூட்டி வச்சிருந்தாங்க சார். என் தங்கச்சி உள்ளேர்ந்து தட்டினா, நான் கேட்டேன்” என்றாள். அவர் பேனாவை மூடிவிட்டுக் கைகூப்பினார். “உங்க வாயால ரெண்டு வார்த்த கேக்கக் கொடுத்து வச்சிருக்கணும்மா.” அவள் கத்தினாள். அவர் கண்கலங்கி, குனிந்தபடியே பின்னால் நடந்து வெளியேறினார்.

வேன் ஓட்டும் கணவன் ‘நீ’யை விட்டு ‘நீங்க’ என்றான். அதுதான் அவளுக்கு மிகவும் உறைத்தது. “நான்தான்யா, உன் பொண்டாட்டி” என்றாள். “தெரியுதுங்க” என்றான். சில மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு எதிர்வீட்டு மாடிக்குக் குடிபோனான். தெருவில் எதிர்ப்பட்டால் ஒதுங்கி வழிவிட்டான்.

வருடங்கள் போகப் போக அந்தச் சொல் ஊர்ப்பேச்சில் மிரட்டலாகிவிட்டது. கம்பெனியில் யாராவது பூட்டைப் பற்றி வாய் திறந்தால், “சும்மா இரு, புனிதமாக்கிடப் போறாங்க” என்று பக்கத்திலிருப்பவர் தொடையைக் கிள்ளினார். முதலாளிக்கும் அந்த வழக்கம் பிடித்துப்போயிற்று. கேள்வி கேட்ட ஒரு தையல்காரர், பிறகு ஒரு பாய்லர்காரர் என்று தொட முடியாதவர்கள் பெருகினார்கள். கடைக்காரர்கள் அவர்களுக்கான சாமானைப் பலகையில் வைத்துவிட்டு அடுத்தவரைப் பார்த்தார்கள்.

மகள் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. ஒருநாள் கதவைச் சாத்திக்கொண்டு, “நீ ஒண்ணும் புனிதம் இல்ல. வாய் கூசாம பொய் சொல்லுவ. பக்கத்து வீட்டுக்காரிய கரிச்சுக் கொட்டுவ. என்னை வெளக்கமாத்தால அடிச்சிருக்க” என்றாள். தாய் நெடுநாளைக்குப் பிறகு சிரித்தாள். “இன்னும் சொல்லு” என்றாள். மகள் தொண்டை கட்டும்வரை திட்டிவிட்டுக் கையை நீட்டினாள். கை விரற்கடைத் தூரத்தில் நின்றது.

அதன் பிறகு மகள் தினமும் வேலைக்குப் போகுமுன் சீப்போடு தாயின் பின்னால் வந்து உட்காருவாள். சிக்கே விழாத அந்தக் கூந்தலுக்குச் சற்று மேலே, வெறும் காற்றில், உச்சியிலிருந்து நுனிவரை வாருவாள். தாய் தலையைச் சாய்த்துக் கொடுப்பாள். சில நாள், “மெதுவாடி, வலிக்குது” என்பாள்.