படத்துக்கு மட்டும்

தம்பி செத்த ஊரைப் பார்த்தே ஆக வேண்டும் என்று தம்பி பொண்டாட்டி ஒற்றைக் காலில் நின்றாள். ஒரு வருஷம் கழித்து அங்கே என்ன கிடக்கிறது என்று கத்திப் பார்த்தேன். மசியவில்லை. தனியாக அனுப்ப மனசில்லாமல், பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு நானும் கிளம்பினேன்.

பெரிய நகரத்தை ஒட்டி, ஏரியைச் சுற்றி வளர்ந்த ஊர். ரயிலை விட்டு இறங்கியதுமே பலகை வழி காட்டியது: செங்கல் அருங்காட்சியகம், பழைய புகைபோக்கி, பறவைத் தீவு, படகுத்துறை. எல்லாம் துடைத்து வைத்தாற்போல் பளிச்சென்று இருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தம்பி லிஃப்ட் மெக்கானிக். இங்கே ஒரு கட்டடத்தில் வேலை முடிந்து, ரயிலுக்கு நேரமிருக்கிறதே என்று படகில் ஏறினான். திருப்பத்தில் படகு சாய்ந்தது. விழுந்தவனுக்கு நீச்சல் தெரியாது. விசாரணையில் படகுக் கம்பெனிக்காரர்கள் ஒரு படத்தைக் காட்டினார்கள். ஏறுவதற்கு முன் எடுத்தது. ஆரஞ்சு லைஃப் ஜாக்கெட் மாட்டிக்கொண்டு பல்லைக் காட்டியபடி நிற்கிறான். "நாங்க குடுத்தோம். அவர்தான் நடுவுல கழட்டிட்டார்" என்றார்கள்.

"அவருக்குத் தண்ணின்னாலே உதறும் அண்ணி. கழட்டியிருக்கவே மாட்டார்" என்று இவள் அழுதாள்.

"நீ வந்து மூணு வருஷம். நான் அவனை இடுப்புல தூக்கி வளர்த்தவ. அவன் திமிரு எனக்குத் தெரியாதா?" என்று வாயை அடைத்தேன். அவனுடைய கவனக்குறைவுதான் காரணம் என்று குடும்பத்தின் சார்பில் கையெழுத்தும் போட்டேன். இருபது வருஷ டீச்சர் வேலை. யார்மேல் தப்பு என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன் என்ற நினைப்பு. கேட்டவர்களிடமெல்லாம் அதையே சொன்னேன். அவன்மேல் இருந்த கோபத்தில் ஒழுங்காக அழக்கூட இல்லை.

படகுத்துறையில் வரிசை நீளமாக இருந்தது. எங்கள் முறை வந்ததும் போட்டோக்காரர் ஆளுக்கொரு ஜாக்கெட்டை மாட்டிவிட்டு, "கொஞ்சம் சிரிங்கம்மா" என்றார். படம் எடுத்த கையோடு, "கழட்டிக் குடுங்க, பின்னாடி ஆள் நிக்குது" என்று கையை நீட்டினார்.

"அப்ப படகுல எதைப் போட்டுக்கிறது?" என்று கேட்டேன்.

"இது படத்துக்கு மட்டும்தாம்மா. மொத்தமே நாலுதான் இருக்கு. கால் மணி நேரத்துல வந்துரலாம், பயப்படாதீங்க."

தம்பி பொண்டாட்டி என் முகத்தைப் பார்த்தாள். ஜாக்கெட்டைக் கழட்டிக் கொடுத்துவிட்டுப் படகில் ஏறினாள். திரும்பிப் போய்விடலாமா என்று பார்த்தேன். பின்னால் முப்பது பேர். ஒருத்தர் உச்சுக் கொட்டினார். வெட்கமாகிவிட்டது. நானும் ஏறினேன். அவனும் இப்படித்தான் ஏறியிருப்பான், பயத்தைக் காட்டிக்கொள்ள வெட்கப்பட்டு.

படகு கிளம்பியது. வழிகாட்டி மைக்கைத் தட்டினார். "செங்கல்லுக்கு மண்ணெடுத்த குழிங்க இது. பக்கத்து நகரத்துல பாதி வீடு இந்த மண்ணுதான். எட்டாள் ஆழம்." புகைபோக்கியைக் காட்டினார், பறவைத் தீவைக் காட்டினார். பிறகு படகு திரும்ப ஆரம்பித்தது.

"இந்த இடத்துலதான் போன வருஷம் ஒருத்தர் விழுந்தார். நாங்க குடுத்த ஜாக்கெட்டைத் திமிருல கழட்டிப் போட்டுட்டார். நான் சும்மா சொல்லலைங்க, அவரோட சொந்த அக்காவே எழுதிக் குடுத்திருக்காங்க."

"கொழுப்புதான்" என்றார் முன்சீட்டுக்காரர். இரண்டு பேர் சிரித்தார்கள்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஒரு நாளைக்கு எத்தனை நடை, ஒரு வருஷத்துக்கு எத்தனை பேர், அத்தனை பேரும் என் தம்பியைப் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள். "நிறுத்துய்யா!" என்று எழுந்தேன். "அந்த அக்கா நான்தான். அது பொய்! நான் எழுதினது பொய்!"

படகு ஆடியது. யாரோ அலறினார்கள். தம்பி பொண்டாட்டி என் இடுப்பைப் பிடித்துக் கீழே இழுத்தாள். வருஷம் முழுக்க என்னை ஒரு வார்த்தை சொல்லாதவள்.

"உக்காருங்க அண்ணி. நீங்களும் விழுந்தா, திமிருல கழட்டிட்டாங்கன்னு நான் கையெழுத்துப் போடணும்."

உட்கார்ந்தேன். கரை வரும்வரை அவள் என் பக்கம் திரும்பவே இல்லை.