சந்தைமேட்டுப் பள்ளியின் டைனோசர் முட்டை

அறிவுச்செல்வனுக்கு ஐம்பது வயது. அரியலூரில் சொந்தப் பெயின்ட் கடை. பார்க்கிறவர்கள் வணக்கம் வைக்கும் மனிதர்தான். ஆனால் சந்தைமேட்டு அரசு உயர்நிலைப் பள்ளியில் அவரோடு படித்தவர்கள் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. அவர்களுக்கு அவர் 'குண்டுத் திருடன்'. கல்யாணத்துக்கு வைத்த பிளெக்ஸ் பேனரிலும் அப்படியே போட்டுவிட்டார்கள். திருமானூரிலிருந்து வந்த பெண் வீட்டார் வெடிகுண்டு கேஸோ என்று பயந்து, தாலி கட்டும்வரை பத்தடி தள்ளியே நின்றார்கள்.

விஷயம் இவ்வளவுதான். பத்தாம் வகுப்பில், மாவட்டப் போட்டிக்கு முதல் நாள் மாலை, அறிவுச்செல்வன் மைதானத்து வேப்பமரத்தடி வட்டத்தில் தனியாகக் குண்டு எறிந்து பழகிக்கொண்டிருந்தார். கடைசியாக எறிந்த எறியில் பள்ளிக்கூடத்தின் ஒரே இரும்புக் குண்டு மாயமாகிவிட்டது. முட்டி தேயத் தேடியும் கிடைக்கவில்லை.

"ரொம்ப தூரம் போயிடுச்சு சார்" என்று மறுநாள் காலை பி.டி. சார் வைத்திலிங்கத்திடம் போய்ச் சொன்னார்.

"அஞ்சு கிலோ குண்டு எவ்ளோ தூரம்டா போவும்? ஜெயங்கொண்டத்துக்கா?"

பழைய இரும்புக் கடையில் போட்டுப் புரோட்டா தின்றுவிட்டான் என்று சார் தீர்ப்புச் சொல்லிவிட்டார். போட்டியும் போயிற்று, பெயரும் போயிற்று.

இத்தனை வருடம் அதைச் சிரித்தே கடத்தியவருக்கு இப்போதுதான் கவலை வந்தது. பள்ளிக்குப் பவள விழா. விழா மலரில் ஓய்வுபெற்ற வைத்திலிங்கம் சார் 'நான் கண்ட ஒரே திருட்டு' என்று கட்டுரை எழுதியிருந்தார். மகள் மணிமொழி அதே பள்ளியில் ஒன்பதாவது படிக்கிறாள். அவளுக்கு இந்தக் கதை தெரியாது. அப்பாவைப் பெரிய யோக்கியர் என்று நம்பிக்கொண்டிருக்கும் ஒரே ஜீவன் அவள்தான்.

"அந்த ஒரு பக்கத்த மட்டும் எடுத்துடலாமுங்களா மேடம்?" என்று தலைமையாசிரியை ஜெயசித்ராவிடம் கெஞ்சிப் பார்த்தார்.

"வரலாறு சார் அது. நம்ம இஷ்டத்துக்குக் கிழிக்க முடியுமா?" என்றுவிட்டார் அவர்.

மலரின் அட்டையில் இருந்தது பள்ளியின் பெருமை, டைனோசர் முட்டை. லேப் கட்டிய காலத்தில் பின்பக்கக் குழியிலிருந்து அறிவியல் ஆசிரியர் அழகேசன் கண்டெடுத்தது. அரியலூர் ஒரு காலத்தில் கடலுக்கடியில் கிடந்த ஊர். கிணறு தோண்டினால் கிளிஞ்சல் வரும். ஆகவே உருண்டையாக எது அகப்பட்டாலும் அது முட்டைதான், சந்தேகமே கிடையாது. பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் அதைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் பரீட்சைக்குப் போவார்கள். பரீட்சைக்கு முன்னால் முட்டையைக் கும்பிடும் பள்ளி உலகத்திலேயே இது ஒன்றுதான் இருக்கும்.

விழாவன்று காலை, அந்த முட்டையை லேபிலிருந்து மேடைக்குத் தூக்கி வரும் பொறுப்பை ஜெயசித்ரா அறிவுச்செல்வனிடம் கொடுத்தார். கண்ணாடிப் பெட்டியைத் திறந்து ஒற்றைக் கையால் எடுத்தார். எடுத்த மாத்திரத்தில் கை தானாகவே மேலே போய்க் கழுத்தோரம் நின்றது. முப்பத்தைந்து வருடமாகியும் கைக்கு அந்தக் கனம் மறக்கவில்லை.

கடைச் சாவியால் ஓரத்தில் சுரண்டினார். சிமெண்ட் உதிர்ந்தது. உள்ளே கறுப்பாக இரும்பு.

அந்த வருடம் லேப் கட்டக் கொத்தனார் குழைத்து வைத்த கலவை ஞாபகத்துக்கு வந்தது. குண்டு அதில் விழுந்து புதைந்திருக்கிறது. இறுகிப்போன மிச்சக் கலவையோடு சேர்த்துக் குழியில் தள்ளிவிட்டிருக்கிறார்கள். அறிவுச்செல்வனுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

அவர் முட்டையோடு மேடையேறியபோது வைத்திலிங்கம் சார் மைக்கைப் பிடித்திருந்தார்.

"திருடுன பய இங்கதான் இருக்கான். பேரச் சொல்ல மாட்டேன்."

சொல்லவே வேண்டியிருக்கவில்லை. முந்நூறு தலைகள் அறிவுச்செல்வனைப் பார்த்துத் திரும்பின. முன்வரிசையில் பூத்தட்டோடு நின்ற மணிமொழியும் திரும்பினாள். மற்றவர்கள் போகட்டும், அவள் பார்த்ததைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

வேட்டியை மடித்துக் கட்டினார். முட்டையைக் கழுத்தோரம் அணைத்து, மேடையிலிருந்து கொடிக்கம்பத்துக் கருங்கல் பீடத்தைப் பார்த்து ஒரே எறி.

"ஐயோ! ஆறரைக் கோடி வருஷம்!" என்று அலறினார் ஜெயசித்ரா.

முட்டை சிதறியது. இரும்புக் குண்டு நிதானமாக உருண்டு வந்து மேடைப் படிக்குக் கீழே நின்றது. சார் இறங்கி வந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். பள்ளியின் பெயரை அவரே உளியால் கொத்திய எழுத்துகள் அப்படியே இருந்தன.

"எங்கடா கெடந்துச்சு?"

"லேப் கட்டக் கலந்து வெச்சிருந்த கலவையில வுழுந்துருக்கு சார்."

"வேப்பமரத்தடி வட்டத்துலேந்து லேப் வரைக்குமா? டேய், யாராச்சும் டேப் எடுத்தாங்கடா!"

சிறப்பு விருந்தினர் ஒரு முனையைப் பிடிக்க, விழாவை நிறுத்திவிட்டு அளந்தார்கள். பதினாறு மீட்டருக்கு மேல் வந்தது. அந்த வருடம் மாவட்டத்தில் முதலாவதாக வந்தவன் எறிந்தது பதின்மூன்று. சாருக்குக் கண் கலங்கிவிட்டது.

"இவன் திருடல. எறிஞ்சிருக்கான். நாந்தான் நம்பல" என்றார் மைக்கில். முதலில் கைதட்டியது மணிமொழி. ஜெயசித்ரா மட்டும் ஐந்நூறு மலரின் அட்டையையும் பரிதாபமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கைதட்டல் அடங்கியதும் சார் அவரைப் பக்கத்தில் இழுத்தார்.

"அறிவு, உண்மையச் சொல்லு. எறியறப்ப கோட்ட மிதிச்சியா?"

இல்லை என்றிருந்தால் யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் மகள் பக்கத்தில் நின்றாள்.

"லேசா மிதிச்சேன் சார்."

வைத்திலிங்கம் சார் மறுபடி மைக்கைப் பிடித்தார். "ஃபவுல்! தூரம் கணக்குல வராது!"

அரியலூர்க் கடைத்தெருவில் இப்போது எல்லோரும் அவரை 'ஃபவுலு' என்றுதான் கூப்பிடுகிறார்கள். முதல் சத்தத்துக்கே சந்தோஷமாகத் திரும்பிப் பார்க்கிறார்.