தோற்ற ஆட்டத்தில் மிஞ்சிய காசு

லாபிர் சேரை நான் முதலிலிருந்தே நம்பவில்லை. நாவலப்பிட்டி ஸ்டேஷன் பக்கம் த்ரீவீல் ஓட்டுகிறவன் நான். ஏறுகிற ஆளின் முகத்தைப் பார்த்தே இறங்கும்போது தகராறு பண்ணுவானா இல்லையா என்று சொல்லிவிடுவேன். லாபிர் சேர் கேட்ட காசைப் பேரம் பேசாமல் கொடுப்பவர். இந்தக் காலத்தில் அப்படி ஒரு மனிதர் இருந்தால் சந்தேகப்படாமல் என்ன செய்வது?

அவர் மடவளைக்காரர். இங்கே அறை எடுத்துத் தங்கி, எங்கள் பாடசாலையின் வலைப்பந்து அணியைப் பழக்கி வந்தார். என் மகள் லோஜினிதான் அந்த அணியில் கோல் போடுகிறவள். மாகாண மட்டத்தில் விளையாடிய சான்றிதழ் ஒன்று கையில் இருந்தால், கண்டியில் பெரிய பாடசாலையில் உயர்தர வகுப்புக்கு இடம் கிடைக்கும் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் ஒரு வருசமாக அதையே நினைத்து மனக்கோட்டை கட்டியிருந்தேன். வலய மட்ட இறுதி ஆட்டத்தில் வென்றால் போதும்.

எதிர் அணி சொத்தை அணி. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு எறிந்தாலும் விழும் தூரத்திலிருந்து லோஜினி எறிந்த பந்தெல்லாம் வளையத்தில் பட்டுத் திரும்பியது. மற்றப் பிள்ளைகளும் பந்தை எதிராளி கையில் கொண்டுபோய்க் கொடுக்காத குறைதான். தோற்ற பிறகு ஒருத்தியாவது அழ வேண்டுமே. போன வருசம் அரையிறுதியில் தோற்றதற்கு பஸ்ஸில் வரும் வழியெல்லாம் ஒப்பாரி வைத்த பிள்ளைகள் இவர்கள்.

வீட்டில் கேட்டேன்.

"பந்து விழல, அப்பா," என்றாள். தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

மறுநாள் ஸ்டேஷன் எதிரே தேநீர்க் கடையில் லாபிர் சேர், வென்ற அணியைப் பழக்கியவரோடு உட்கார்ந்து ரோல்ஸ் தின்றுகொண்டிருந்தார். விசாரித்தால் அந்த ஆளும் மடவளை. இதற்கு மேல் என்ன வேண்டும்? விலை பேசி முடித்துவிட்டார்கள், என் பிள்ளையின் எதிர்காலத்தையும் சேர்த்து என்று முடிவு கட்டினேன். எங்கள் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் பொருளாளர் கறுப்பையா அண்ணனிடம் போய்க் கொட்டினேன். அவர் ஹார்ட்வெயார் கடைக்காரர், என் நெருங்கிய கூட்டாளி.

"கூட்டத்துல வச்சுக் கேளு தம்பி. அந்த ஆள பொறுப்புல இருந்து தூக்கிருவோம்," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம். அடுத்த வருசத் திட்டத்துக்குக் காசு ஒதுக்குகிற நாள். வலைப்பந்துப் பிள்ளைகள்தான் தேநீர் பரிமாறினார்கள். பாடசாலை அதிபர் அமலதாஸ் எழுந்து போன கூட்டத்தின் முடிவை ஞாபகப்படுத்தினார். கையில் இருந்தது ஒரு வேலைக்கு மட்டுமான காசு. மண்சரிவில் உடைந்துபோன பெண் பிள்ளைகளின் கழிப்பறைத் தண்ணீர்க்குழாயைத் திருத்துவதா, அணி வென்றால் மாகாணப் போட்டிக்கு அனுப்புவதா என்று கேட்டபோது, போட்டிக்கே என்று நாங்கள் எல்லோரும் கை தூக்கியிருந்தோம். அணி தோற்றதால் காசு மிஞ்சிவிட்டது.

"வாசல்ல ஒரு வளைவு கட்டுவோம் சேர்," என்றார் கறுப்பையா அண்ணன். "மேல எங்கப்பா பேரு. மிச்சச் செலவு என்னுது."

வளைவாவது மண்ணாவது. நான் எழுந்து, மூலையில் நின்ற லாபிர் சேர் பக்கம் திரும்பினேன். ரோல்ஸ், மடவளை, வளையத்தில் பட்டுத் திரும்பிய பந்து எல்லாவற்றையும் சபையில் போட்டு உடைத்தேன்.

"தோக்கச் சொல்லி எவ்வளவு வாங்கினீங்க சேர்? அத மட்டும் சொல்லிட்டு ஒக்காருங்க."

லாபிர் சேரின் முகம் கறுத்தது. ஆனால் குரல் உயரவில்லை.

"அத நான் சொல்ல மாட்டேன். ஒங்கட புள்ளகிட்ட கேளுங்க. பொறுப்ப வேணுமெண்டா இப்பவே எடுத்துக்கோங்க."

"சேர் ஒண்ணும் செய்யல, அப்பா."

லோஜினி தேநீர்த் தட்டை மேசையில் வைத்துவிட்டு நின்றாள்.

"நாங்களாத்தான் தோத்தோம். ஆட்டம் முடிஞ்ச பொறகுதான் சேருக்கே சொன்னோம். யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கிட்டோம்."

"ஏன்?" என்றேன்.

"போட்டிக்குப் போனா கொழாய் இல்லன்னு நீங்கதானே முடிவு பண்ணுனீங்க. காலையில வந்தா பள்ளிக்கூடம் விடுற வரைக்கும் நாங்க ஒருத்தரும் தண்ணி குடிக்கிறதில்ல, அப்பா. குடிச்சா போறதுக்கு எடமில்ல. பெரிய பிள்ளைங்க மாசாமாசம் நாலு நாள் வீட்டுலயே நின்னுக்கிறாங்க. யாருகிட்ட போய் இதச் சொல்றது?"

கண்டி, உயர்தரம், நான் கட்டிய கோட்டை எல்லாம் அவளுக்கும் தெரியும். தெரிந்துகொண்டேதான் அந்தப் பந்துகளை எறிந்திருக்கிறாள். அவள் மேல் எனக்குக் கோபம் வந்தது, பொய் சொல்ல விரும்பவில்லை. கோபத்தோடு வெட்கமும் வந்தது. லாபிர் சேர் பக்கம் திரும்ப முடியவில்லை.

கறுப்பையா அண்ணன் தொண்டையைச் செருமினார்.

"பிள்ளைங்க பேச்சு ஒரு பக்கம் இருக்கட்டும். கொழாய பொறகு பாப்போம். வளைவுக்கு சம்மதமானவங்க கையத் தூக்குங்க."

ஒவ்வொன்றாகக் கைகள் எழுந்தன. எல்லாம் எனக்குத் தெரிந்த கைகள், தினமும் என்னோடு தேநீர் குடிக்கிற கைகள். ஊரில் எல்லோரையும் சந்தேகப்பட்ட நான் இவர்களை மட்டும் ஒருநாளும் சந்தேகப்படவில்லை.

லோஜினி என்னைப் பார்த்தாள்.

"அப்போ நாங்க சும்மாவா தோத்தோம், அப்பா?"

அதிபர் கைகளை எண்ணப் போனார். நான் குறுக்கே போய் நின்றேன்.

"சேர், கொஞ்சம் பொறுங்க. யாரும் கைய எறக்காதீங்க. எல்லாரும் அப்புடியே திரும்பி, தட்டோட நிக்கிற உங்க மகளுங்களப் பாருங்க."

கறுப்பையா அண்ணனின் மகளும் அந்த அணியில்தான் விளையாடினாள். தட்டைப் பிடித்தபடி அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். முதலில் இறங்கியது அவருடைய கைதான்.