ஒரே ஆளுக்கான மருந்து

1.

முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்: இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல, என் தலையில் கட்டப்பட்டது. ஆப்பிரிக்க நாடொன்றின் உள்நாட்டுப் போரில், அமைதிப்படை மருத்துவராகப் போன இடத்தில் கிளர்ச்சிக்காரர்களிடம் பிடிபட்டு, பதினான்கு மாதம் கழித்து ஸ்ரீரங்கம் திரும்பினார் மேஜர் ப்ரியம்வதா. வரவேற்புக் குழுச் செயலாளர் லக்ஷ்மிகாந்த் விழா மலருக்கு என்னிடம் இரண்டு பக்கம் கேட்டார். "கொஞ்சம் சித்திரவதை இருக்கட்டும் சார். ஆனா குடும்பத்தோட படிக்கிற மாதிரி."

2.

முதல் தொடக்கம்: 'காவிரி இரு கரையும் புரண்டோட, வீர மங்கை…' (மே மாதம். ஆற்றில் மணல்தான் இருந்தது. விட்டுவிட்டேன்.)

இரண்டாவது: 'இருட்டறையில், சங்கிலியில்…'

சங்கிலி உண்டா என்று மேஜர் வீட்டுக்கே போய்க் கேட்டேன். இல்லையாம். வேலைதான் இருந்ததாம். பிடித்து வைத்தவர்களின் காயங்களுக்குத் தையல் போட்டிருக்கிறார், பதினோரு பிரசவம் பார்த்திருக்கிறார். லக்ஷ்மிகாந்திடம் சொன்னேன். பிரசவத்தை மட்டும் போடச் சொன்னார்.

3.

விழாவன்று காலை, சத்திரம் பஸ் நிலையத்தில் மேஜர் முசிறி பஸ் ஏறுவதைப் பார்த்தேன். அக்கறையால் நானும் ஏறினேன். (பொய். கதைப் பசி.) அவரோடு பிடிபட்ட மருத்துவ உதவியாளர் அருள்ராஜ் முசிறிக்காரர், ஆப்பிரிக்காவிலேயே இறந்துபோனார். வரவேற்பு ஃப்ளெக்ஸில் அவர் படம் இல்லை. களை கெட்டுவிடும் என்பது குழுவின் கருத்து.

"வரதுன்னா வாங்க. வாயைத் திறக்காதீங்க," என்றார் மேஜர்.

4.

அருள்ராஜின் மனைவி ராசாத்தி நாற்காலி போட்டார். மேஜர் உட்காரவில்லை.

"ரெண்டு பேருக்குக் காயம் சீழ் பிடிச்சு ஜுரம். ஒருத்தர் உங்க வீட்டுக்காரர். இன்னொருத்தன் எங்களைப் பிடிச்சு வச்சிருந்த ஆள். ஒரே ஆளுக்கான மருந்துதான் இருந்துச்சு. அவன் பிழைப்பான், இவர் பிழைக்கமாட்டார்னு நான்தான் முடிவு பண்ணேன். அவனுக்குக் கொடுத்தேன்."

ராசாத்தி மேஜரிடம் ஒன்றுதான் கேட்டார்.

"அவருக்குத் தெரியுமா?"

"தெரியும். அவனுக்கு ஊசி போட்டதே அவர்தான்."

5.

இங்கே முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

அ) ராசாத்தி மேஜரைக் கட்டிக்கொண்டு அழுகிறார். மலருக்கு ஏற்றது.

ஆ) வெளியே போகச் சொல்கிறார். இலக்கியப் பத்திரிகைக்கு ஏற்றது.

இ) மேஜர் காலில் விழ, ராசாத்தி… (எனக்கே கூச்சமாக இருந்தது.)

நடந்தது வேறு. ராசாத்தி என் பக்கம் திரும்பி, "நீங்க யாருங்க?" என்றார்.

எழுத்தாளன் என்றேன்.

"அப்ப கொஞ்சம் வெளிய இருங்க."

கதவைச் சாத்திவிட்டார். வெட்கமில்லாமல் காதை வைத்துக் கேட்டேன். மின்விசிறிச் சத்தம்தான். லக்ஷ்மிகாந்த் நான்கு முறை போன் செய்தார். மேடையில் மாலை வாடுகிறதாம். ஒரு மணி நேரம் பார்த்துவிட்டுத் திருச்சி பஸ் ஏறினேன். உள்ளே இரண்டு பெண்களும் அப்போதும் பேசிக்கொண்டிருந்தார்கள், அல்லது பேசாமல் இருந்தார்கள்.

உங்களுக்குத் தெரிந்தே ஆகவேண்டுமென்றால் நீங்களே போய்க் கதவைத் தட்டுங்கள். யார் என்று கேட்பார். என்னுடையதைவிட நல்ல பதிலாக ஒன்று யோசித்து வைத்துக்கொள்ளுங்கள்.