உட்கார்ந்தபடியே சேலத்துக்கு

ஆயுத பூசையன்று இரும்புக்கு ஓய்வு. நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டுகிற எந்தப் பட்டறையிலும் அன்றைக்கு ஓர் ஆணியைக்கூடத் தட்டமாட்டார்கள். மயில்சாமியின் பட்டறையிலும் சம்மட்டி, உளி, ஸ்பேனர் எல்லாவற்றையும் கழுவித் துடைத்து, விபூதிப் பட்டை போட்டு, கட்டி முடித்த புது லாரியின் முன்னால் வாழையிலையில் வரிசையாகப் படுக்க வைத்திருந்தார்கள். லாரிக்கு மாலை போட்டிருந்தது. மறுநாள் காலையில் அதற்கு முதல் ஓட்டம்.

ஓய்வு இல்லாதவர்கள் இரண்டே பேர். செல்லமுத்து ஒருவன், மாதையன் ஒருவன்.

இருவரும் சம்மட்டி ஆட்கள். உலையிலிருந்து எடுத்த இரும்பில் ஒருவன் அடித்துக் கை எடுப்பதற்குள் அடுத்தவன் அடி விழும். கல்யாணமாவதற்கு முந்தியிருந்தே அப்படித்தான். ஒருவன் மூச்சு எப்போது வாங்கும், எப்போது விடும் என்பது இன்னொருவனுக்கு மனப்பாடம். அந்த எழுபத்தொன்பதாம் வருசத்து ஆடியில் பட்டறைக்கு மோட்டாரில் ஓடுகிற சம்மட்டி வந்து இறங்கியது. இனிமேல் கையால் அடிக்க ஓர் ஆள் போதும் என்று மயில்சாமி சொன்னார். எந்த ஆள் என்று சொல்லவில்லை.

அதைச் சொல்ல அவருக்கு ஒரு வேடிக்கை அகப்பட்டது. சேலத்தில் பெரிய மனுசர்கள் சீட்டாடுகிற கிளப் ஒன்றில் படகு வலிப்பது போல உட்கார்ந்தபடியே இழுக்கிற மிசினைப் பார்த்துவிட்டு வந்தார். வெள்ளைக்காரன் தொப்பை கரைக்க வாங்கிப் போட்டது என்றார்கள். பட்டறை பிட்டர் நாச்சிமுத்துவிடம் சொன்னார். அவன் பழைய டிரைவர் சீட்டை அறுத்து, அடியில் பேரிங் வைத்து, ஆங்கிள் தண்டவாளத்தில் முன்னும் பின்னும் ஓட விட்டான். முன்னால் லாரி பிளைவீல். அதைச் சுற்றும் சங்கிலியின் முனையில் பிடித்து இழுக்க ஒரு குழாய். சக்கரத்தை இறுக்கப் பிடிக்க ஒரு பட்டை. கடைசியாக, கழித்துப் போட்ட லாரியிலிருந்து கிலோமீட்டர் மீட்டரைக் கழற்றிக்கொண்டு வந்து பக்கத்தில் மாட்டினான். இழுக்க இழுக்க மீட்டரில் எண் விழும். பட்டறையில் அதற்குப் படகு என்று பேர்.

"ரெண்டு பேரும் எனக்கு ரெண்டு கண்ணு. எந்தக் கண்ண நான் நோண்டறது?" என்றார் மயில்சாமி, பொரியை மென்றபடி. "நீங்களே இழுத்து முடிவு பண்ணிக்குங்க. இங்கிருந்து சேலம். எவன் ரொம்ப தூரம் போறானோ அவன் நாளைக்குச் சம்மட்டியத் தூக்கட்டும்."

அவர் மச்சான் சென்னியப்பன் பஸ்ஸில் கண்டக்டர். வாயில் விசிலோடு மீட்டர் பக்கத்தில் நின்றுகொண்டான். "சேலம், சேலம், சேலம்! வழியில நிக்காது! கூடை வெச்சிருக்கறவங்க பின்னால போங்க!" பட்டறை சிரித்தது.

காலையில் மாதையன் ஏறினான். ஆண்டகளூர் கேட் வரைக்கும் போனான். அதாவது பாதி வழி. அங்கே குழாயை விட்டுவிட்டு, கால் நடுங்க எழுந்து, "நான் வாரேனுங்க மொதலாளி" என்றான். "செரி, எறங்கு" என்றார் மயில்சாமி. அவ்வளவுதான்.

மத்தியானம் செல்லமுத்து ஏறினான். ஆண்டகளூர் கேட்டைத் தாண்டி ஓர் எண் விழுந்தால் போதும், வேலை அவனுக்கு. வீட்டில் மனைவி குப்பாயி, அவளுடைய அம்மா, வயதுக்கு வந்த இரண்டு பெண்கள். இவன் ஒருத்தன் கூலி.

பழக்கமில்லாத வேலை என்பது உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் தெரிந்துபோயிற்று. சம்மட்டிக்குத் தோள் வேலை செய்யும். இங்கே தொடை தள்ள வேண்டியிருந்தது, இடுப்பு மடங்கி நிமிர வேண்டியிருந்தது. வேகமாக இழுத்தால் சீக்கிரம் போகலாம் என்று இழுத்ததில் மூச்சு தொண்டைக்கு ஏறியது. மாதையன் செய்த தப்பு அதுதான். செல்லமுத்து வேகத்தைக் குறைத்தான். சம்மட்டி அடிக்கிற கணக்குக்கு மாறினான். இழுக்கும்போது மூச்சை விட வேண்டும். முன்னால் போகும்போது, மாதையன் அடி விழுகிற அந்த இடைவெளியில், உடம்பைத் தளர்த்தி விட வேண்டும். பக்கத்தில் மாதையன் அடிப்பதாகவே நினைத்துக்கொண்டான்.

சேலத்தை நினைக்கக் கூடாது என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. கரி மூட்டையோடு அந்த ரோட்டில் அவன் சைக்கிள் மிதித்திருக்கிறான். ஒரு புளியமரம். அடுத்த புளியமரம். மரத்துக்கு நம்பர் போட்டிருப்பார்கள். அடுத்த நம்பர் வரைக்கும்தான் இந்த உடம்பு. அதற்கப்புறம் யாருடைய உடம்போ.

"பொம்மக்குட்டை மேடு!" என்று விசிலடித்தான் சென்னியப்பன். "ஏப்பா நாச்சிமுத்து, மேடு வந்துருச்சு, வண்டி இப்படியா சும்மா போகும்?"

ஸ்பேனர் பூசையில் இருந்தது. அதனால் கையாலேயே திருகுகிற மாதிரி நட்டு வைத்திருந்தான் நாச்சிமுத்து. பட்டையை இறுக்கினான். செல்லமுத்துவின் கை சட்டென்று கனத்தது.

மேடு தாண்டியதும், "எறக்கத்துல பட்டைய உட்ருங்க" என்றான் செல்லமுத்து.

"எறக்கத்துல பிரேக் புடிக்காம எவன்டா வண்டி ஓட்டறான்?" என்றான் சென்னியப்பன். இன்னும் ஒரு சுற்று இறுக்கினார்கள். சிரித்த சிரிப்பில் ஒருத்தனுக்குப் பொரி புரையேறியது.

புதன்சந்தை போயிற்று. புதுச்சத்திரம் போயிற்று. சம்மட்டிக் காய்ப்பு காய்த்த உள்ளங்கையில் காய்ப்போடு தோல் உரிந்து குழாயில் ஒட்டிக்கொண்டது. மாதையன் துணியைக் கிழித்துக் கையில் சுற்றிவிட்டான். உப்புப் போட்ட தண்ணீரை வாயில் ஊற்றினான். ஊற்றிக்கொண்டே காதோரம் சொன்னான்: "செல்லமுத்து, இடுப்பு போச்சுன்னா போனதுதான். எறங்கிரு, சாமி."

இவன் இறங்கினால் வேலை அவனுக்கு. செல்லமுத்து தண்ணீரை விழுங்கிவிட்டு அடுத்த மரத்தைப் பார்த்தான்.

நடுவில் ஒரு தடவை, "ஒண்ணுக்குப் போகோணுங்க" என்றான்.

"எறங்குனா எறங்குனதுதான்" என்றார் மயில்சாமி.

"வண்டி ராசிபுரத்துலதான் நிக்கும். அதுவரைக்கும் அடக்கிக்கோ" என்றான் சென்னியப்பன்.

அடக்கிப் பார்த்தான். ஒவ்வோர் இழுப்புக்கும் அடிவயிறு மடங்கியது. கடைசியில் விட்டுவிட்டான். சூடாகத் தொடையில் இறங்கி, சீட்டிலிருந்து சொட்டி, தண்டவாளத்தில் ஓடியது. "ரேடியேட்டர் ஒழுகுது டோய்!" என்று யாரோ கத்தினார்கள். அவன் நிறுத்தவில்லை. வெட்கப்படவும் மூச்சு வேண்டும். அது அவனிடம் மிச்சமில்லை.

ஆண்டகளூர் கேட் வந்தது. தாண்டியது. மீட்டரில் அடுத்த எண் முழுசாக விழுகிற வரைக்கும் இழுத்தான். பிறகு குழாயை மடியில் வைத்துக்கொண்டான். நெஞ்சு துருத்தி மாதிரி ஏறி இறங்கியது. தலையைத் தூக்கி மயில்சாமியைப் பார்த்துச் சொன்னான்:

"நான் வாரேனுங்க மொதலாளி."

அதற்குள் வெள்ளை வேட்டி கட்டிய லாரிக்காரர்கள் நாலைந்து பேர் பூசைக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். 'எம் பட்டறை ஆளு சேலமே போவான், பாருங்க' என்று மயில்சாமி அவர்களிடம் சற்று முன்புதான் சொல்லியிருந்தார். அவர் முகம் கொஞ்சம் சுருங்கி, பிறகு விரிந்தது.

"கேட்டீங்களா? வாரேங்கறான்!" என்றார். "வாடா வா! சேலம் வரைக்கும் வா!"

பட்டறை மொத்தமும் கைதட்டியது.

"அப்புடி இல்லீங்க. மாதையனத் தாண்டிட்டனுங்க. வாரேனுங்க."

"அதத்தான் நானும் சொல்றேன். வா."

"எறங்கறேன்னு சொன்னனுங்க."

"எறங்கறவன் என்ன சொல்லோணும்? போறேன்னு சொல்லோணும். எங்க, போறேன்னு சொல்லு. எறக்கி உட்டர்றேன்."

சிரிப்பு நின்றது. ஊர்ப்பக்கம் யாரும் வாயைத் திறந்து சொல்லாத சொல். செத்தவன்தான் போவான். இருக்கிறவன் சுடுகாட்டைத் தவிர எங்கிருந்து கிளம்பினாலும் வாரேன் என்றுதான் சொல்வான். பூசைச் சாமான் முன்னால், மாலை போட்ட புது வண்டி முன்னால் அதைச் சொன்னால், சொன்ன வாய்க்கு அந்தப் பட்டறையில் மறுநாள் என்ன வேலை இருக்கும்? செல்லமுத்து லாரியைப் பார்த்தான். நெற்றியில் குங்குமம் வைத்துக்கொண்டு அது அவனைப் பார்த்தது.

குழாயை எடுத்தான்.

இப்போது மாதையன் மறுபடியும் தண்ணீரோடு வந்தான். "உட்றாத. இன்னங் கொஞ்ச தூரந்தான். சேலம் போயிருவ. நல்லா காலை ஊனித் தள்ளு" என்றான். முதுகில் தட்டிக் கொடுத்தான். தோற்றவனுக்கு இவ்வளவு பெரிய மனசா என்று செல்லமுத்துவுக்குக் கண் நிறைந்தது. வேர்வையோடு அதுவும் இறங்கிவிட்டது.

அதற்கப்புறம் மரங்கள் வரவில்லை. நினைத்து நினைத்துப் பார்த்தான், ரோடே வரவில்லை. மாதையனுடைய அடி விழுகிற இடைவெளியும் தொலைந்துபோயிற்று. நாக்கைக் கடித்தான். கடித்த இடம் வலிக்கிற நேரத்துக்கு மற்ற இடம் வலிக்காது. அதை வைத்துக் கொஞ்ச தூரம் போனான். குப்பாயியை நினைத்தான், முகம் வரவில்லை. கோபப்பட்டுப் பார்த்தான், அதற்கும் உடம்பு ஒத்துழைக்கவில்லை. மல்லூருக்குப் பக்கத்தில் இடுப்பில் என்னவோ நகர்ந்தது. ஈரத் துணியைப் பிழிந்தது போல ஒரு நெளிவு. வலி அங்கே தொடங்கிக் கால் கட்டைவிரலில் போய் நின்றது. பனமரத்துப்பட்டி பிரிவு என்று விசில் கேட்டது. சீலநாய்க்கன்பட்டி என்று கேட்டது. இழுப்பது அவன்தானா என்றுகூட அவனுக்கு நிச்சயமில்லை.

"சேலம்! சேலம் எல்லாம் எறங்கு!"

எல்லோரும் ஓவென்று கத்தினார்கள். நாற்காலிக்காரர்கள் எழுந்து மயில்சாமியின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். செல்லமுத்து உட்கார்ந்த நிலையிலேயே பக்கவாட்டில் சாய்ந்து, ஒழுகின ஈரத்தில் விழுந்தான்.

"வண்டில ஏத்தி ஊட்டுல கொண்டுபோய் உட்ருங்க" என்றார் ஒரு லாரிக்காரர், லாரியைக் காட்டி.

"நல்லாச் சொன்னீங்க போங்க. புது வண்டிக்கு மொத சவாரி மூத்திரத் துணியா?" என்றார் மயில்சாமி. இரும்பு ஏற்றுகிற தள்ளுவண்டியில் போட்டுத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

மறுநாள் விடிந்ததும் குப்பாயி பிடித்துத் தூக்கி உட்கார வைத்தாள். விளக்கெண்ணெய் தேய்த்த இடுப்பில் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு, சுவர் சுவராகப் பிடித்துப் பட்டறைக்கு வந்தான் செல்லமுத்து. மயில்சாமி கற்பூரம் காட்டிவிட்டு, படுத்திருந்த சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்து அவரவர் கையில் கொடுத்தார். சம்மட்டியை இவனிடம் நீட்டினார்.

"சேலத்துக்காரா, புடி."

பிடித்தான். முழங்கால் வரைக்கும் தூக்கினான். அதற்குமேல் எழவில்லை. கையும் சம்மட்டியும் சரியாகத்தான் இருந்தன. நடுவில் இடுப்பு என்று ஒன்று இல்லை. சம்மட்டி நழுவித் தரையில் விழுந்தது. மறுபடியும் தூக்கினான். மறுபடியும் விழுந்தது.

மயில்சாமி திட்டவில்லை. "பாவம், போயிட்டு வந்த களைப்பு" என்றார். "டே மாதையா."

அப்போதுதான் செல்லமுத்து பார்த்தான். உலைக்குப் பக்கத்தில் மாதையன் நின்றுகொண்டிருந்தான். காக்கி டவுசர், தலையில் துண்டு. தோற்றவன் எதற்கு வேலைத் துணியோடு வந்து நிற்கிறான்? காலை ஊனித் தள்ளு என்று முதுகில் தட்டிய கை அது. மாதையன் வந்து குனிந்து, இவன் காலடியில் கிடந்த சம்மட்டியை எடுத்துக்கொண்டான். நிமிரும்போது கண்ணைப் பார்க்கவில்லை. அவனுக்கும் வீட்டில் அடுப்பு எரிய வேண்டும்.

வெளியே புது லாரியைக் கிளப்பினார்கள். பூசணிக்காய் உடைந்து சிதறியது. முன்சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் காத்திருந்தது. சுவரைப் பிடித்து வெளியே வந்த செல்லமுத்து பாதையை அடைத்துக்கொண்டு நின்றிருந்தான்.

"செரி செல்லமுத்து. ஊட்டுல படுத்து எந்திரி. போயிட்டு வா" என்றார் மயில்சாமி. அவனை ஓரம் கட்டுவதற்காகச் சொன்ன வார்த்தை.

செல்லமுத்து வண்டியின் முன்னால் கையைக் கூப்பினான். எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னான்:

"நான் போறேனுங்க."

டிரைவர் சாவியைத் திருப்பினான். இஞ்சின் நின்றுவிட்டது. அவன் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு கீழே குதித்தான். "நான் எடுக்கமாட்டேனுங்க, மொதலாளி. எனக்குப் புள்ளகுட்டி இருக்குது."

மயில்சாமி கற்பூரத் தட்டோடு ஓடி வந்தார். "என்றா சொன்ன? நல்ல நாள் அதுவுமா என்றா சொல்லிப்போட்ட?" கத்தினார். அப்புறம் குரல் இறங்கியது. "டே, இந்தா பாரு. வாரேன்னு சொல்லிட்டுப் போ. சொல்லு, சாமி. ஒரே வார்த்த."

செல்லமுத்து சுவரில் கையை ஊன்றிக்கொண்டு திரும்பினான்.

"அத நேத்தே சொல்லிட்டனுங்க" என்றான்.

அடுத்த சுவரைப் பிடித்தான். முதுகுக்குப் பின்னால் லாரி கிளம்புகிற சத்தம் வரவில்லை. சம்மட்டிச் சத்தம் மட்டும் வந்தது. ஓர் அடி. பிறகு இவன் அடிக்க வேண்டிய இடைவெளி. பிறகு ஓர் அடி.